டெங்கி

பதினெட்டு நாள் எனக்கு டெங்கி.
அம்மா அப்படித்தான் சொன்னாள்.
பாயா தெருபோங் அடுக்குமாடியில்
லிப்ட் பழுதான வாரம் அது;
ஒவ்வொரு தளத்திலும் நின்று
மூச்சு வாங்கி
கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள்.

நல்ல காய்ச்சலாகப் பார்த்துத்தான்
தேர்ந்தெடுத்திருந்தாள்.
வீட்டுக்கு வீடு வந்திருக்கிறது.
மாநகர் மன்றம் புகை அடித்துவிட்டுப் போகிறது.
நேற்று தட்டணு இத்தனை, இன்று இத்தனை
என்று சொல்ல எண்ணிக்கை இருக்கிறது.
எனக்கு இருந்ததற்கு எண்ணிக்கை இல்லை.
குளியலறையில் வாளி நிரம்பி வழிவதை
மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
குழாயை மூட வேண்டிய கை
யாருடையது என்று தெரியாமல்.

கொசு ஒன்றுகூட இல்லாத அந்த வார்டில்
கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது.

வீடு திரும்பிய மறுநாள் வந்தது
பப்பாளி இலைச் சாறு.
கீழ்வீட்டுப் பரமேஸ்வரி அக்கா
வேலைக்குப் போகும் வழியில்
மூடி போட்ட குவளையில் கொடுத்துவிட்டுப் போவாள்.
பொய்யைக் காப்பாற்றக் குடித்தேன்,
ஒரு வாரம், இரண்டு வேளை.
கசப்பு மட்டும் உண்மை.

அடியில் மிஞ்சியதை ஒருநாள்
விரலில் தொட்டு
நாள்காட்டியின் பின்தாளில் இழுத்தேன்.
பச்சை. காய்ந்ததும் பழுப்பு.
ஒரு கால் வந்தது, மெலிந்து மடங்கிய கால்.
பிறகு ஐந்து.

இப்போது பதினெட்டும் தொங்குகின்றன,
லெபோ பந்தாய்க்குப் பின்னால் ஒரு சந்தில்
பழைய கிடங்கின் மேல்மாடியில்,
ஒவ்வொன்றும் ஆளுயரம்.
வயிறு கண்ணாடி. உள்ளே இருப்பது தெரியும்:
நான்காம் நாளில், நாடா உருவப்பட்ட என் காலணி.
ஒன்பதாம் நாளில், அடுத்த கட்டில் நோர்லைலா
எனக்குப் பின்னிவிட்ட சடை.
பதினோராம் நாளில் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையை வரையத்தான்
ஐந்து மாதம் பிடித்தது.

குணசீலன் மாமா வந்தார்.
"நல்ல விழிப்புணர்வு.
ஆனா தேங்கின தண்ணியப் பத்திச் சொல்லலியே?"
அதைத்தான் மாமா சொல்லியிருக்கிறேன்.
பதினாறாவது கொசுவோடு
கட்டைவிரல் உயர்த்திப் படம் எடுத்து
குடும்பக் குழுவில் போட்டார்.
உடனே வரிசையாகக் கும்பிடுகள், பூக்கள்.
பேட்டரி கடைக்காரர் மகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது
"தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்று
நெற்றியோரம் விரலைச் சுழற்றியவரும்
இதே மாமாதான்.

சுவரில் எழுதித்தான் வைத்திருந்தேன்,
மூன்று மொழியில்:
எந்த வார்டு, என்ன நோய்,
டெங்கி யாருடைய யோசனை.
மாமா மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை.
அம்மாவோ கதவோரம் நாற்காலியில்
கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.
தன் ஒரு சொல்லுக்கு
முப்பத்தாறு இறக்கை முளைக்கும் என்று
அவள் நினைத்திருக்கமாட்டாள்.

பரமேஸ்வரி அக்கா எல்லாவற்றையும் படித்தாள்,
தமிழில் ஒருமுறை, மலாயில் ஒருமுறை.
சாற்றுக்குக் கணக்குக் கேட்பாள் என்று நின்றேன்.

"எனக்கும் டெங்கி வந்துச்சு," என்றாள்.
"என் வீட்டுல டைபாய்டுன்னு சொன்னாங்க.
அந்தக் கதவு, நீ இருந்தப்பவும்
கைப்பிடி இல்லாமத்தான் இருந்துச்சா?"

இருந்துச்சு.

"அப்போ தெரிஞ்சேதான் சாறு குடுத்தீங்களா?"

"பின்ன? சும்மா வந்து கதவத் தட்ட முடியுமா.
எனக்கு அப்ப யாரும் தட்டல."

அம்மா எழுந்தாள்.
நாற்காலியை அக்காவின் பக்கம் தள்ளினாள்.
கொசுக்களைப் பார்க்காமல்,
என்னையும் பார்க்காமல் கேட்டாள்:
"உனக்கு எத்தன நாளு?"

"முப்பத்தொண்ணு."

"சுவர் பத்தாது," என்றேன் நான்.